கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து: சோதித்துப் பார்த்துத்தான் தருகிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடி பவர் மாற்றப் போன இடத்தில், "கண்ல பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, சொட்டு மருந்து போடணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். வலி இல்லை, எரிச்சல் இல்லை, பார்வையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயுள் முழுக்கப் போடச் சொல்கிறார்கள். இதனால் உண்மையிலேயே பலன் உண்டா, யார் எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. உங்கள் கண்ணுக்கு எந்த மருந்து என்பதை உங்கள் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்த முடிவுகளுக்குப் பின்னால் இருக்கும் சோதனைகளைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

கண்ணில் பிரஷர் அதிகம் என்றால் குளுக்கோமா வந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. குளுக்கோமா என்பது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சிதையும் நோய். அழுத்தம் அதிகமாக இருப்பது அந்த நோய்க்கு முக்கியமான காரணம், ஆனால் அதுவே நோய் ஆகாது. 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்பது வழக்கமான கணக்கு. 24, 26 என்று காட்டியும் நரம்பு பழுதில்லாமல் இருப்பவர்கள் ஏராளம். 16, 17 மட்டுமே இருந்தும் நரம்பு தேய்ந்துகொண்டே போகிறவர்களும் உண்டு.

அழுத்தம் அதிகம், நரம்பு நலம் என்ற நிலையை 'கண் உயர் அழுத்தம்' என்று தனியாகவே வைத்துப் பார்க்கிறார்கள். சொட்டு மருந்து தேவையா இல்லையா என்ற சண்டை நெடுங்காலம் நடந்தது இவர்களை வைத்துத்தான்.

பிபி மாத்திரை சாப்பிட்டால் இதுவும் குறைந்துவிடுமா?

இரண்டும் வேறு வேறு. கண்ணின் முன்பகுதியில் தெளிவான ஒரு நீர் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு இரண்டு, மூன்று மைக்ரோ லிட்டர்தான். சுரக்கும் அளவுக்கு வெளியேயும் போய்விட்டால் பிரச்சினை இல்லை. சமையலறைத் தொட்டியில் குழாய் திறந்தபடியே இருக்க, கீழே போகும் வழி லேசாக அடைத்துக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. சொட்டு மருந்துகளும் இரண்டே வேலைதான் செய்கின்றன: ஒன்று சுரப்பைக் குறைப்பது, இல்லையென்றால் வடிவதைக் கூட்டுவது. சில மருந்துகள் இரண்டையும் செய்யும். ரத்த அழுத்தத்துக்கும் கண்ணழுத்தத்துக்கும் கொஞ்சம் தொடர்பு இருந்தாலும், ஒன்றைக் கட்டுப்படுத்தினால் மற்றதும் அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

சொட்டு போட்டால் பிரஷர் குறைவது கண்கூடாகவே தெரிகிறதே, அப்புறம் எதற்குத் தனியாகச் சோதனை?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். அழுத்தம் குறைகிறதா என்பது ஒரு கேள்வி. பார்வை காப்பாற்றப்படுகிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஒரே வாரத்தில் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த நோய் அவ்வளவு மெதுவானது.

பைலோகார்பின் என்ற தாவரச் சாறு கண்ணழுத்தத்தைக் குறைக்கும் என்று ஐரோப்பிய மருத்துவர்கள் 1870களிலேயே கண்டுகொண்டார்கள். 1978இல் டைமோலால் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் போட்டுக்கொண்டார்கள். ஆனால் "நரம்பு நன்றாக இருக்கும் ஒருவருக்கு அழுத்தத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால், அவருக்குக் குளுக்கோமா வருவது குறையுமா?" என்ற கேள்விக்கு உறுதியான பதில் யாரிடமும் இல்லை. 1980களில் நடந்த சின்னச் சின்னச் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவே இல்லை. நூறாண்டுக்கு மேல் ஒரு மருத்துவம் நம்பிக்கையின் பேரிலேயே ஓடியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

சரி, அந்தக் கேள்விக்கு யார் பதில் கண்டுபிடித்தார்கள்?

அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய 'கண் உயர் அழுத்தச் சிகிச்சை ஆய்வு'. செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் காஸ் தலைமை தாங்கினார். 22 மருத்துவ மையங்கள் சேர்ந்தன. 40 முதல் 80 வயதுக்குட்பட்ட 1,636 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். இவர்களில் நாலில் ஒரு பங்கினர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். குளுக்கோமா அந்த மக்களைக் கூடுதலாகத் தாக்கும் என்பதால் அவர்களை வேண்டுமென்றே நிறையச் சேர்த்தார்கள்.

ஒரு கண்ணில் 24 முதல் 32 வரை, மறுகண்ணில் 21 முதல் 32 வரை அழுத்தம் இருக்க வேண்டும். ஆனால் நரம்பும் பார்வைப் பரப்பும் (நேரே பார்த்தபடி இருக்கும்போது சுற்றிலும் தெரிகிற பகுதி) இயல்பாக இருக்க வேண்டும். இதுதான் சேர்க்கைக்கு நிபந்தனை. அப்புறம் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்குச் சொட்டு மருந்து, மற்றொன்றுக்குக் கண்காணிப்பு மட்டும். மருத்துவருக்குப் பிடித்தவர், பயந்த சுபாவம் உள்ளவர், பணக்காரர் என்று யாரையும் பார்த்து அணி பிரிக்க முடியாது. குலுக்கலின் பயனே அதுதான்.

எந்த மருந்து என்பதில் கட்டுப்பாடு வைக்கவில்லை. கடையில் கிடைக்கும் சொட்டு மருந்துகளில் எதை வேண்டுமானாலும், எத்தனையைச் சேர்த்து வேண்டுமானாலும் கொடுக்கலாம். இலக்கு மட்டும் பொது: அழுத்தம் குறைந்தது 20 சதவீதம் இறங்க வேண்டும், 24 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். ஒரு கம்பெனியின் பாட்டிலுக்கு மார்க் போடும் சோதனையாக இல்லாமல், அழுத்தத்தைக் குறைப்பது என்ற காரியத்தையே சோதித்தார்கள். இந்த ஆய்வின் மேல் எனக்கு மதிப்பு அதிகம் என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

விளைவு என்ன ஆயிற்று?

2002 ஜூனில் வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில், மருந்து போடாத அணியில் 9.5 சதவீதம் பேருக்குக் குளுக்கோமா தொடங்கியது. மருந்து போட்ட அணியில் 4.4 சதவீதம். பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். "மருந்து ஆபத்தைப் பாதியாக்குகிறது" என்பது ஒன்று. விளம்பரம் எழுதுகிறவர்களுக்குப் பிடித்தது அதுதான். இன்னொன்று: மருந்தே போடாதவர்களில் கூட 100க்கு 90 பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளில் எதுவும் ஆகவில்லை. ஒருவரைக் காப்பாற்ற ஏறக்குறைய 20 பேர் ஐந்து ஆண்டுகள் சொட்டு போட வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே எண்கள்தான், இரண்டுமே உண்மை. "எனக்கு உடனே ஆரம்பிக்கணுமா டாக்டர்?" என்று கேட்கிற எல்லோருக்கும் ஒரே பதில் கிடைக்காததற்குக் காரணம் இந்த இரண்டாவது கணக்கு.

அதே எண்களுக்குள் இன்னொரு சுவையான சங்கதி. மருந்து அணியில் அழுத்தம் சராசரியாக 22.5 சதவீதம் குறைந்தது. ஒரு சொட்டுகூடப் போடாத அணியிலும் 4 சதவீதம் குறைந்தது! பிரஷர் ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். ஏறியிருந்த நாளில் பிடித்துச் சேர்த்த ஆளை அடுத்த தடவை அளந்தால், ஒன்றும் செய்யாமலேயே கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். "அந்த எண்ணெய் விட்டேன், பிரஷர் இறங்கிவிட்டது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இந்த 4 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட இன்னொரு அணி இல்லாத சோதனை எதையும் நிரூபிப்பதில்லை.

குளுக்கோமா தொடங்கிவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வைப் பரப்புச் சோதனை, ஆண்டுக்கொருமுறை நரம்பின் புகைப்படம். பார்வைப் பரப்புச் சோதனை செய்துகொண்டவர்களுக்குத் தெரியும், அது பொறுமையைச் சோதிக்கிற சமாச்சாரம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியையே பார்த்தபடி, ஓரத்தில் எங்காவது ஒளிப்பொட்டு மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். தூக்கம் வரும், கண் அலையும், ஒளி தெரிந்ததா இல்லையா என்றே சந்தேகம் வரும்.

இந்த ஆய்வில் முதல்முறை குறை காட்டிய சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, 85 சதவீதத்துக்கும் மேற்பட்டவை மறுபடி இயல்பாக வந்தன. அதனால் விதியையே கடுமையாக்கினார்கள்: தொடர்ந்து மூன்று சோதனைகளில் ஒரே மாதிரிக் குறை தெரிந்தால்தான் கணக்கு. அந்த அறிக்கைகளையும் படங்களையும் பார்த்தவர்களுக்கு, இவர் மருந்து போடுகிறவரா இல்லையா என்பது தெரியாது. தெரிந்தால் கண் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும்.

உங்கள் முதல் 'ஃபீல்டு டெஸ்ட்' மோசமாக வந்து, மருத்துவர் "இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம்" என்றால், பணம் பிடுங்கப் பார்க்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

மருந்து இருக்கும்போது பாதிப் பேருக்குக் கொடுக்காமல் விட்டது சரியா?

நியாயமான சந்தேகம். அப்போது எந்தப் பக்கம் சரி என்று நேர்மையாகவே தெரியாது. மருந்துக்கும் பக்க விளைவு உண்டு, செலவு உண்டு. கண்காணிப்பு அணியினரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்தார்கள். அவர்களில் யாருக்காவது நோய் தொடங்கினால் உடனே மருந்து.

2002இல் விடை தெரிந்ததும் கண்காணிப்பு அணிக்கும் சொட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அதனால் ஒரு புதுக் கேள்விக்கும் விடை கிடைத்தது: தாமதமாகத் தொடங்கினால் என்ன நட்டம்? 13 ஆண்டு முடிவில், தாமதமாகத் தொடங்கிய அணியில் 22 சதவீதம் பேருக்குக் குளுக்கோமா. முதலிலிருந்தே போட்டவர்களில் 16 சதவீதம். வித்தியாசத்தில் பெரும்பகுதி, அபாயம் அதிகம் உள்ளவர்களிடம்தான் இருந்தது. அபாயம் குறைந்தவர்கள் பொறுத்திருந்து பார்த்ததால் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

20 ஆண்டு கழித்தும் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். 2021இல் வந்த அந்தக் கணக்கின்படி சுமார் 46 சதவீதம் பேருக்கு ஒரு கண்ணிலாவது குளுக்கோமா வந்திருந்தது. பார்வைப் பரப்பிலேயே குறை தெரிந்தது ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு. ஐந்து ஆண்டில் அற்பமாகத் தெரிந்த அபாயம் இருபது ஆண்டில் அற்பம் இல்லை. நாற்பத்தைந்து வயதுக்காரருக்கும் எழுபத்தெட்டு வயதுக்காரருக்கும் மருத்துவர் வெவ்வேறு பதில் சொல்வது இதனால்தான்.

யாருக்கு அபாயம் அதிகம்?

வயது, அழுத்தத்தின் அளவு, நரம்பின் நடுக்குழி எவ்வளவு பெரியது என்பவை எதிர்பார்த்தவையே. யாரும் அவ்வளவாக எதிர்பார்க்காதது கருவிழிப் படலத்தின் தடிமன். 555 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு, 588க்கு மேல் இருந்தவர்களைவிட மூன்று மடங்கு அபாயம். மெல்லிய படலம் கருவியில் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும், தடித்த படலம் கூட்டிக் காட்டும் என்பது ஒரு பகுதிக் காரணம். இதற்குப் பிறகுதான் கண்ணழுத்தம் அதிகம் என்றால் படலத்தின் தடிமனையும் ஒருமுறை அளப்பது வழக்கமாயிற்று. நீங்கள் அளந்திருக்கிறீர்களா என்று உங்கள் கோப்பில் பாருங்கள்.

சோதனைகளில் அழுத்தத்தை எப்படி அளக்கிறார்கள்? காற்று ஊதும் மெஷினா?

காற்று ஊதும் கருவி முதல் பார்வைக்குப் போதும். சோதனைகளில் கோல்ட்மன் கருவிதான். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக் கண் மருத்துவர் ஹான்ஸ் கோல்ட்மன் 1950களில் செய்தது. மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் தடவி, நீல வெளிச்சத்தில் கருவியின் முனையைக் கருவிழிமேல் மெதுவாகத் தொடவைப்பார்கள். அளப்பவருக்கு இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். அவற்றின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடும்வரை பக்கத்துச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். கருவிழியில் 3.06 மி.மீ. விட்டமுள்ள வட்டம் தட்டையாகும்போது அந்த நிலை வரும். அதற்கு எவ்வளவு விசை பிடித்தது என்பதே அளவு.

ஒழுங்கான சோதனையில் ஒருவர் எண்ணைப் பார்க்காமலே சக்கரத்தைத் திருப்புவார். இன்னொருவர் எட்டிப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு, சக்கரத்தை மறுபடி கலைத்து வைத்துவிடுவார். ஏன் இவ்வளவு? போனமுறை 22 என்று தெரிந்தால், இந்தமுறை கை 22க்கு அருகிலேயே நின்றுவிடும். நாமெல்லாம் மனிதர்கள்தானே.

நேரமும் முக்கியம். பலருக்கு விடிகாலையில், காலையில் உச்சம், மாலையில் குறைவு. அதனால் புது மருந்துச் சோதனைகளில் பெரும்பாலும் காலை 8, 10, மாலை 4 என்று குறித்த நேரங்களில் அளக்கிறார்கள். ஒருமுறை காலையில் போய், அடுத்தமுறை வேலை முடித்து மாலையில் போய், "பிரஷர் நாலு பாயிண்ட் குறைஞ்சிடுச்சு" என்று மகிழ்ந்தால் அதில் மருந்தின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது.

போலி மருந்து வைத்துச் சோதித்ததே இல்லையா?

வெகுகாலம் இல்லை. குளுக்கோமா வந்துவிட்டவருக்கு வெறும் திரவத்தைக் கொடுப்பதா என்ற தயக்கம். பிரிட்டனில்தான் துணிந்து செய்தார்கள். புதிதாக நோய் கண்டறியப்பட்ட 516 பேர். பாதிப் பேருக்கு லட்டானோபிராஸ்ட் என்ற சொட்டு மருந்து, மீதிப் பேருக்கு மருந்து கலக்காத அதே திரவம். நோய் முற்றியவர்களைச் சேர்க்கவில்லை. அடிக்கடி பரிசோதித்து, மோசமானால் உடனே வெளியே எடுத்தார்கள். 2015இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு: இரண்டு ஆண்டுகளில் பார்வைப் பரப்பு மோசமானது போலி மருந்து அணியில் 25.6 சதவீதம் பேருக்கு, லட்டானோபிராஸ்ட் அணியில் 15.2 சதவீதம் பேருக்கு. இந்தச் சோதனைக்கு வந்தவர்களின் தொடக்க அழுத்தம் சராசரியாக 20 மட்டுமே. 'இயல்பு' என்று நாம் சொல்லும் எண்ணிலிருந்தும் கீழே இறக்கினால் பலன் உண்டு என்று அது காட்டியது.

அதற்கு முன்பே, ஸ்வீடனின் மால்மோ, ஹெல்சிங்போரி நகரங்களில் 255 பேரை வைத்து நடந்து 2002இல் முடிவு வெளியான ஆய்வு, சிகிச்சை பெற்றவர்களில் 45 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 62 சதவீதம் பேருக்கும் நோய் முற்றியதாகக் கண்டது. இந்த 45ஐயும் கவனியுங்கள். சிகிச்சை எடுத்தும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நோய் நகர்ந்திருக்கிறது. சொட்டு மருந்து வேகத்தைக் குறைக்கும். நிறுத்திவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

புதிதாக ஒரு சொட்டு மருந்து வருகிறது என்றால் அதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

முதலில் விலங்குகள். அங்கேயே பல மருந்துகள் தடுமாறும். புரோஸ்டாகிளாண்டின் வகைப் பொருட்கள் முயல் கண்ணில் அதிக அளவில் போட்டபோது அழுத்தத்தை ஏற்றி, கண்ணைச் சிவக்கவைத்தன. இது கண்ணுக்கு ஆகாது என்றே நினைத்திருந்தார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ பீட்டோவும் கார்ல் காம்ராஸும் 1970களில் அளவைக் குறைத்துப் போட்டுப் பார்த்தபோது அழுத்தம் இறங்கியது. அந்த வழியில் வந்ததுதான் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லட்டானோபிராஸ்ட். வேடிக்கை என்னவென்றால், அதே லட்டானோபிராஸ்ட் முயல் கண்ணில் பெரிதாக எதையும் செய்வதில்லை. முயலை மட்டும் நம்பியிருந்தால் இன்று உலகமே முதலில் எடுக்கும் மருந்தைக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

விலங்குக்குப் பிறகு ஆரோக்கியமான சிலர், பிறகு நோயாளிகள் சிலர், கடைசியில் நூற்றுக்கணக்கானவர்கள். ஏற்கெனவே சொட்டு போடுகிறவர்கள் சேர்ந்தால் பழைய மருந்தின் தாக்கம் கழியும்வரை நிறுத்திவைக்க வேண்டும். டைமோலாலுக்கும் புரோஸ்டாகிளாண்டினுக்கும் சுமார் நான்கு வாரம். புது மருந்தைப் பெரும்பாலும் டைமோலாலோடு மோதவிடுவார்கள். ஜெயிக்க வேண்டும் என்பதில்லை, தோற்காமல் இருந்தால் போதும். குறித்த நேரங்களில் அளந்த அழுத்தங்கள் எல்லாவற்றிலும் வித்தியாசம் 1.5 மி.மீ.க்குள், பெரும்பாலானவற்றில் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு.

நெட்டார்சுடில் என்ற சொட்டு மருந்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். முதல் பெரிய சோதனைக்கு 'ராக்கெட் 1' என்று பெயர். தொடக்க அழுத்தம் 27க்குக் கீழே இருந்தவர்களை வைத்துக் கணக்குப் பார்த்தபோது 2015இல் அந்த ராக்கெட் கிளம்பவில்லை. டைமோலாலுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. தரவைத் தோண்டியபோது, 25க்குக் கீழே தொடங்கியவர்களிடம் மட்டும் ஈடுகொடுத்தது தெரிந்தது. அடுத்து 'ராக்கெட் 2' முடிவு வரும் முன்பே, 25க்குக் கீழே தொடங்கியவர்களை வைத்துத்தான் கணக்கு என்று மாற்றினார்கள்; அதில் தேறியது, 2017 டிசம்பரில் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், முடிவு தெரியும் முன்பே மாற்றியதால். ஆனால் கோல் போஸ்ட் நகர்ந்தது என்பதை அந்த மருந்தை எழுதுகிறவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. போட்டவர்களில் பாதிப் பேருக்குமேல் கண் சிவந்தது என்பதையும்.

இன்னொன்றும் கவனித்தீர்களா? அனுமதிக்கான சோதனைகள் எல்லாம் சில மாதங்கள், அதிகம் போனால் ஓராண்டு. அவை அழுத்தத்தைத்தான் அளக்கின்றன. பார்வை காக்கப்படும் என்பதை, மேலே சொன்ன நீண்ட ஆய்வுகளிலிருந்து நாம் ஊகித்துக்கொள்கிறோம்.

ஒரு கண்ணுக்கு மட்டும் சொட்டு போடச் சொல்லி, சில வாரம் கழித்து வரச் சொல்கிறார் என் மருத்துவர். என்னை வைத்துச் சோதனை செய்கிறாரா?

ஆமாம், நல்ல அர்த்தத்தில்! போடாத கண்ணோடு ஒப்பிட்டால் மருந்து உங்களுக்கு வேலை செய்கிறதா என்று தெரியும். பிரஷர் தானாக ஏறி இறங்குவது இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய சேர்ந்தே நடக்கும் என்ற எண்ணத்தில் செய்வது. மேலே சொன்ன 1,636 பேர் அமெரிக்க ஆய்விலும் இந்த முறையைக் கையாண்டார்கள். ஆனால் அதில் ஒரு சிக்கலும் தெரிந்தது: டைமோலால் போன்ற மருந்துகள் ரத்தத்தில் கலந்து மறுகண்ணின் அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கிவிடுகின்றன. இரண்டு கண்ணும் எப்போதும் ஒன்றாகவே ஏறி இறங்குவதும் இல்லை. ஆகவே இப்போது பல மருத்துவர்கள் மருந்துக்கு முன்னும் பின்னும் பலமுறை அளந்து பார்ப்பதையே விரும்புகிறார்கள்.

சோதனையில் நன்றாக வேலை செய்த மருந்து எனக்கு மட்டும் ஏன் செய்யவில்லை?

முதலில், சொட்டு கண்ணுக்குள் விழுகிறதா? இமைமேலும் கன்னத்திலும் விழுவதுதான் அதிகம். கீழிமையை இழுத்துப் பை போலாக்கி, பாட்டில் நுனி படாமல் ஒரே ஒரு சொட்டு. கண்ணால் அதில் ஒரு பகுதியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இரண்டாவது சொட்டு வழிந்தோடத்தான் செய்யும். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். தொண்டையில் கசந்தால் மருந்து கண்ணில் நிற்காமல் மூக்கு வழியாக இறங்கிவிட்டது என்று பொருள். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம்.

அப்புறம், தினமும் போடுகிறீர்களா? அமெரிக்காவில் ஒரு ஆய்வில் மருந்தை இலவசமாகக் கொடுத்து, பாட்டிலில் கருவி பொருத்தி, "கண்காணிக்கிறோம்" என்று சொல்லியும் வைத்தார்கள். அப்படியும் 45 சதவீதம் பேர் போட வேண்டிய சொட்டுகளில் முக்கால்வாசியைக்கூடப் போடவில்லை. காசு கொடுத்து வாங்கி, யாரும் பார்க்காத வீட்டில் எப்படி என்று நீங்களே யோசியுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய நாள் மட்டும் ஒழுங்காகப் போடுகிறவர்களும் உண்டு. அளவு அழகாக வரும், நரம்பு தேய்ந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, வைக்கும் இடம். லட்டானோபிராஸ்ட் பிரிக்காத பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். பிரித்த பிறகு 25 டிகிரி வரை ஆறு வாரம் தாங்கும் என்பது மூல மருந்தின் குறிப்பு. சித்திரை வெயிலில் மதுரையிலோ வேலூரிலோ வீட்டுக்குள் 25 டிகிரிக்கு எங்கே போவது? பிரித்ததையும் ஃப்ரிட்ஜ் கதவிலேயே வைத்துவிடுங்கள். சில கம்பெனித் தயாரிப்புகள் வெளியே வைக்கும்படி செய்யப்பட்டவை, அட்டையைப் படித்துக்கொள்ளுங்கள்.

பக்க விளைவு?

லட்டானோபிராஸ்ட் வகையில் கண் சிவக்கும், இமை முடி நீளமாக, அடர்த்தியாக வளரும், பழுப்பு கலந்த கருவிழி இன்னும் கருக்கும். இந்த முடி வளர்ச்சியையே வியாபாரமாக்கி, அதே வகையைச் சேர்ந்த பிமாட்டோபிராஸ்ட்டை 2008இல் இமைமுடி அழகுக்கென்று தனியாக அனுமதி வாங்கி விற்றார்கள். டைமோலால் அப்படி விளையாட்டான மருந்து இல்லை. ஆஸ்துமா, இதயத் துடிப்பு குறைவு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும். "கண்ணுக்குத்தானே" என்று மூச்சிரைப்பைச் சொல்லாமல் விடுபவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. பிரிமோனிடின் என்ற இன்னொரு சொட்டு மருந்து சிறு குழந்தைகளுக்கு ஆகாது. வீட்டில் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

சொட்டே வேண்டாம், லேசர் செய்துகொள்ளலாமா?

கேட்டுப் பாருங்கள். கண்ணுக்குள் நீர் வடியும் வழியில் லேசர் ஒளியைப் பாய்ச்சி வடிவதைக் கூட்டும் முறை இது. பிரிட்டனில் 718 பேரை வைத்து லேசரையும் சொட்டு மருந்தையும் ஒப்பிட்டு 2019இல் வந்த முடிவில், லேசர் முதலில் செய்துகொண்டவர்களில் 74 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளுக்குச் சொட்டு இல்லாமலே இலக்கில் இருந்தார்கள். எல்லாக் கண்ணுக்கும் ஒத்துவராது.

கண் சிவந்தால் மெடிக்கலில் வாங்கிப் போடும் சொட்டு மருந்தால் பிரஷர் ஏறுமா?

அதில் ஸ்டீராய்டு இருந்தால் ஏறும், எல்லோருக்கும் இல்லை என்றாலும் கணிசமானவர்களுக்கு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தாமாகவே வாங்கிப் போட்டு நரம்பைத் தொலைத்தவர்கள் நம் ஊரில் குறைவில்லை. உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பாட்டில் இருந்தால் 'டெக்சாமெத்தசோன்', 'பிரெட்னிசலோன்', 'பீட்டாமெத்தசோன்' என்று இருக்கிறதா பாருங்கள்.

இந்தியாவில் இப்படி ஒரு மருந்துச் சோதனையில் சேரச் சொன்னால் சேரலாமா?

சேரக்கூடாது என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன ஒவ்வொரு எண்ணும், தன் கண்ணைக் கொடுத்த யாரோ ஒருவரால் வந்தது. ஆனால் கையெழுத்துக்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். சோதனை 'சி.டி.ஆர்.ஐ.' என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா? 2009 முதல் பதிவு கட்டாயம். எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் நீங்களே பார்க்கலாம். என்னோடு ஒப்பிடப்படும் அணிக்கு என்ன கொடுக்கிறார்கள், போலி மருந்தா, பழைய மருந்தா? பழைய சொட்டை எத்தனை வாரம் நிறுத்த வேண்டும், அந்த வாரங்களில் அழுத்தம் எகிறினால் யாரைக் கூப்பிடுவது? நரம்பு ஏற்கெனவே பாதி போனவர் என்றால் இந்த நிறுத்தமே உங்களுக்கு ஆபத்து, யோசிக்காமல் மறுத்துவிடுங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் சொல்கின்றன. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதன் பிரதி ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடக் கூடாது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம்.